படுத்திருக்கும் மாட்டின் மூளை என்ன செய்கிறது?

ஒரு விலங்கு ஓய்வாக இருந்தால் அதன் மூளையும் ஓய்வாகத்தான் இருக்கும் என்று பெரும்பாலோர் நினைக்கிறோம். உடம்பு அசையவில்லை, கண் பாதி மூடியிருக்கிறது, கூப்பிட்டால் காது மட்டும் லேசாகத் திரும்புகிறது. உள்ளே என்ன பெரிதாக நடந்துவிடப் போகிறது? நிறையவே நடக்கிறது. வெளியிலிருந்து வேலை எதுவும் வராத அந்த நேரத்தில்தான் மூளையின் நரம்பணுக்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து, ஒழுங்கான தாளத்தில் துடிக்க ஆரம்பிக்கின்றன. அந்தத் தாளத்தை யாரும் வெளியே இருந்து போட்டுக் கொடுக்கவில்லை. மூளையே உண்டாக்கிக்கொள்கிறது.

இதைப் பற்றி எளிமையாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் தமிழ் பேசி வாழும் நாங்கள் மாட்டோடு வளர்ந்தவர்கள். விடிகாலையில் பால் சொசைட்டிக்குக் கேன் போகும், மத்தியானம் மாட்டுச்சாளையில் மாடுகள் அசைபோட்டபடி படுத்துக் கிடக்கும். அதனால் மாட்டையும் ஊரில் பார்க்கிற மற்ற உயிர்களையும் வைத்தே சொல்கிறேன். ஆராய்ச்சி நடந்த இடங்கள் தூரத்தில் இருந்தாலும் விஷயம் நம் கட்டுத்தரையிலேயே இருக்கிறது.

முதலில் அடிப்படை. மூளை நரம்பணுக்களால் ஆனது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உண்டு. ஒவ்வொன்றின் உள்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் நடுவே சின்ன மின்னழுத்த வித்தியாசம் இருக்கும். சும்மா இருக்கும்போது அது ஏறக்குறைய 70 மில்லிவோல்ட், உள்பக்கம் மைனஸ். பக்கத்து நரம்பணுவிலிருந்து செய்தி வந்தால் இந்த அழுத்தம் ஏறும் அல்லது இறங்கும், போதுமான அளவு ஏறினால் நரம்பணு ஒரு மின்துடிப்பைக் கிளப்பி அடுத்ததற்கு அனுப்பும். ஒற்றை நரம்பணுவின் இந்த ஏற்ற இறக்கத்தைத் தலைக்கு வெளியே இருந்து பிடிக்கவே முடியாது. லட்சக்கணக்கான நரம்பணுக்களில் அழுத்தம் ஒரே நேரத்தில் ஏறி, ஒரே நேரத்தில் இறங்கினால் மட்டும்தான் அதன் கூட்டுத்தொகை மண்டையோட்டைத் தாண்டி வெளியே வரும். அப்போதும் கிடைப்பது சில பத்து மைக்ரோவோல்ட். டார்ச்சில் போடும் ஒரு பேட்டரியின் அழுத்தத்தில் ஏறக்குறைய 30,000-இல் ஒரு பங்கு. தலைத்தோலில் எலெக்ட்ரோடு என்ற சின்ன உலோகத் தகட்டை ஒட்டி இதைப் பெருக்கி வரைவதுதான் இ.இ.ஜி.

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். இ.இ.ஜி.யில் அலை பெரிதாக இருந்தால் மூளை அதிகமாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நெம்மாறை வல்லங்கி வேலா என்ற கோயில் திருவிழாவுக்குப் போனவர்களுக்குச் சட்டென்று விளங்கும். வயலில் திரண்டிருக்கும் கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருக்கும்போது தூரத்தில் நிற்பவருக்கு வெறும் இரைச்சல்தான் கேட்கும், ஒரு சொல்லும் பிரியாது. செண்டைக்காரர்கள் சேர்ந்து ஒரே காலத்தில் அடிக்க ஆரம்பித்ததும் அந்த அடி பக்கத்து ஊர் வரைக்கும் போகும். செண்டை அடிப்பவர்கள் கூட்டத்தைவிடக் குறைவுதான், ஆனால் சேர்ந்து அடிக்கிறார்கள். விழித்து வேலை செய்யும் மூளையில் ஒவ்வொரு நரம்பணுக் கூட்டமும் தன் தன் வேலையைப் பார்க்கும், அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வெளியே சின்னதாகத் தெரியும். ஓய்வில் அவை சேர்ந்துகொள்ளும், அலை பெரிதாகும். இ.இ.ஜி. அலையின் உயரம் முக்கியமாகக் காட்டுவது ஒற்றுமையை. இதை மட்டும் மனதில் போட்டுக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

இதைக் கண்டுபிடித்த கதை விலங்குகளிடமிருந்துதான் தொடங்குகிறது. 1875-இல் லிவர்பூல் நகரத்து மருத்துவர் ரிச்சர்ட் கேட்டன், முயல், குரங்குகளின் திறந்த மூளைமேல் கம்பி வைத்து மின்னோட்டம் இருப்பதைச் சொன்னார். அந்தக் காலத்தில் பெருக்கிக் கருவி கிடையாது. சின்னக் கண்ணாடி பொருத்திய, மின்னோட்டம் அளக்கும் கால்வனாமீட்டரில் பட்டுத் திரும்பும் வெளிச்சப் புள்ளி சுவரில் இப்படியும் அப்படியும் நகர்வதைப் பார்த்துத்தான் அளந்தார்.

அதற்கு அடுத்து வந்தவரைப் பற்றி நம்மூரில் யாரும் பேசுவதில்லை, எனக்கு அது வருத்தம். போலந்தின் கிராக்கோவ் நகரத்தில் அடால்ஃப் பெக் என்ற இளம் ஆராய்ச்சி மாணவர். 1890-இல் அவர் முயல், நாய்களின் மூளையில் இரண்டு எலெக்ட்ரோடுகளை வைத்துப் பார்த்தபோது, விலங்குக்கு எதையும் காட்டாமல், எதையும் கேட்க வைக்காமல் சும்மா விட்டிருந்த நேரத்திலும் மின்னழுத்தம் தானாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. மூச்சோடோ இதயத் துடிப்போடோ அது சேரவில்லை. பிறகு கண்ணில் வெளிச்சம் காட்டினார். அந்த ஏற்ற இறக்கம் நின்றுவிட்டது. யோசித்துப் பாருங்கள், வெளிச்சம் பட்டால் மூளையின் மின்சாரம் கூடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். சும்மா இருந்தபோது ஓடிய தாளம் வேலை வந்ததும் கலைந்துபோனதை, கருவிகள் அவ்வளவு எளிமையாக இருந்த காலத்தில் அவர் கவனித்து எழுதி வைத்தார். பின்னாளில் லிவிவ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பெரிய பேராசிரியர் ஆனார். யூதராகப் பிறந்ததால் 1942-இல், ஏறக்குறைய 80 வயதில், நாஜிக்களின் கையில் சிக்கியபோது நஞ்சை உட்கொண்டு உயிரை விட்டார்.

மனிதத் தலையில் இதே விஷயத்தை ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் பதிவு செய்து 1929-இல் வெளியிட்டார். கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருப்பவரின் பின்தலையில் நொடிக்குப் பத்து முறை அளவில் ஓடும் அலையை அவர் ஆல்ஃபா என்றார். கண்ணைத் திறந்தால் அது அடங்கும். பெக் முயலில் பார்த்ததன் இன்னொரு முகம்தான் இது. முதலில் பெர்கர் சொன்னதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1934-இல் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியனும் மேத்யூஸும் அதைத் திரும்பச் செய்து உறுதிப்படுத்திய பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது. ஏட்ரியன் நீர்வண்டின் பார்வை நரம்புமுடிச்சிலும் இதுபோலத் தாளமான துடிப்பைப் பார்த்திருக்கிறார். 1931-இல் தங்கமீனின் மூளைத்தண்டைத் தனியாக எடுத்து வைத்தபோதும் செவுள் அசையும் வேகத்தில் மெதுவான மின்அலைகள் தானாக ஓடின. முயல், நாய், மனிதர், வண்டு, மீன் என்று தொட்ட இடத்திலெல்லாம் தாளம் இருந்தது.

சரி, தாளத்தைப் போடுவது யார்?

பாலூட்டி விலங்குகளில் இதற்கு மிகத் தெளிவாகப் பதில் தெரிந்த இடம் தாலமஸ். மூளையின் நடுவில் இருக்கும் இது, கண், காது, தோல் ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகளை மூளையின் மேற்பட்டையான கார்டெக்ஸுக்கு அனுப்பி வைக்கிறது. தாலமஸைச் சுற்றி மெல்லிய ஓடு மாதிரி இன்னொரு நரம்பணுக் கூட்டம் உண்டு. அதற்கு ரெட்டிகுலர் நியூக்ளியஸ் என்று பெயர். அதிலுள்ள நரம்பணுக்களின் வேலை தாலமஸை அடக்குவது. இப்போது இந்த வட்டத்தை மெதுவாகப் பாருங்கள். ரெட்டிகுலர் நரம்பணு துடித்து, தாலமஸ் நரம்பணுவை அடக்குகிறது. அதன் அழுத்தம் வழக்கத்தைவிடக் கீழே போகிறது. அப்படிக் கீழே போனால்தான் விசேஷமான ஒரு கால்சியம் வாசல் அதன் சுவரில் திறக்கத் தயாராகும். அடக்கம் விலகியதும் அந்த வாசல் வழியே கால்சியம் உள்ளே பாய்ந்து, தாலமஸ் நரம்பணு படபடவென்று நாலைந்து துடிப்பு துடிக்கிறது. அந்தத் துடிப்பு கார்டெக்ஸுக்கும் போகிறது, திரும்ப ரெட்டிகுலருக்கும் போய் அதை எழுப்பிவிடுகிறது. அது மறுபடி அடக்குகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி பிடிக்கும். இதனால் நொடிக்குப் பத்துச் சொச்சம் அலை வருகிறது. சிறிதாக ஆரம்பித்து, நடுவில் பெருத்து, ஒரு நொடி போல ஓடி மறுபடி அடங்கிவிடும் இந்த அலைத்தொகுப்பை ஸ்பிண்டில் என்பார்கள். லேசான தூக்கத்தின் அடையாளமே அதுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அடக்கத்திலிருந்து துடிப்பு பிறக்கிறது என்பது. அடக்கினால் ஒன்றும் நடக்காது என்று தோன்றும். ஆனால் இங்கே அடக்கப்பட்டதால்தான் அந்த நரம்பணு துள்ளுகிறது.

இந்த வட்டத்துக்கு வெளியிலிருந்து எந்த உதவியும் வேண்டாம் என்பதற்கு நல்ல சான்று 1993-இல் கிடைத்தது. ஃபெரட் என்ற கீரி போன்ற சிறு விலங்கின் தாலமஸிலிருந்து ஒரு மெல்லிய சீவலை எடுத்து, உப்பு நீர்க் கரைசலில் உயிரோடு வைத்தார்கள். உடம்பு இல்லை, கண் இல்லை, கார்டெக்ஸும் இல்லை. அந்தச் சீவல் தன்பாட்டுக்கு ஸ்பிண்டில் அலைகளைப் போட்டுக்கொண்டிருந்தது. நரம்பணுக்களின் சுவரும் அவற்றின் இணைப்பும் போதும், தாளம் வந்துவிடும்.

தாளத்தைக் கலைப்பது யார் என்பதற்கான பதில் இன்னும் முன்னாலேயே தெரிந்தது. பெல்ஜியத்தில் ஃபிரெடெரிக் பிரெமர் 1935-இல், பூனைகளின் மேல்மூளையை நடுமூளை மட்டத்தில் வெட்டிக் கீழே உள்ள பகுதியிலிருந்து துண்டித்தபோது, அது முடிவில்லாத தூக்க அலைகளில் மூழ்கியது. 1949-இல் இத்தாலிய விஞ்ஞானி மொருத்ஸியும் அமெரிக்கரான மகூனும் பூனையின் மூளைத்தண்டின் நடுப்பகுதியை மின்சாரத்தால் தூண்டினார்கள். பெரிய மெதுவான அலைகள் உடனே கலைந்து, விழிப்பில் இருப்பது போன்ற சின்ன வேகமான அலைகள் வந்தன. மூளைத்தண்டிலிருந்து மேலே போகும் நரம்புகள் அசிட்டைல்கோலின் போன்ற ரசாயனங்களைத் தெளித்து, தாலமஸ் நரம்பணுக்களின் அழுத்தத்தைக் கீழே இறங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. அப்போது அந்தக் கால்சியம் வாசல் தயாராகாது, வட்டம் ஓடாது, வந்த செய்தி வந்தபடி கார்டெக்ஸுக்குப் போகும். அந்தத் தெளிப்பு குறையக் குறைய விலங்கு சொக்குகிறது, தாளம் தலைதூக்குகிறது.

அலைகளின் பெயர்களை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன், புத்தகங்களில் இதற்கே பாதிப் பக்கம் போய்விடும். நொடிக்கு 4-க்குக் குறைவானது டெல்டா, 4 முதல் 8 வரை தீட்டா, 8 முதல் 13 வரை ஆல்ஃபா, அதற்கு மேலே பீட்டா, 30-க்கு மேல் காமா. இவை மனிதரை வைத்துப் போட்ட எல்லைகள், விலங்குக்கு விலங்கு கொஞ்சம் மாறும். உதாரணமாக எலியின் ஹிப்போகேம்பஸில் (நினைவோடு தொடர்புள்ள மூளைப்பகுதி) ஓடும் தீட்டா 12 வரைகூடப் போகும். ஆழ்ந்த தூக்கத்தில் இவற்றுக்கெல்லாம் கீழே நொடிக்கு ஒன்றுக்கும் குறைவான மிக மெதுவான ஓர் அலை இருப்பதை விஞ்ஞானி மிர்ச்சா ஸ்டெரியாடே 1993-இல் பூனைகளில் காட்டினார். அந்த அலையின் ஒரு பாதியில் கார்டெக்ஸ் நரம்பணுக்கள் எல்லாம் சேர்ந்து துடிக்கும், மறு பாதியில் எல்லாம் சேர்ந்து மௌனமாகும்.

இப்போது மாட்டுக்கு வருவோம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா ஒரு நாள் கட்டுத்தரையில் சாணி அள்ளிக்கொண்டே கேட்டார்: “ஏன் கண்ணு, இது தூங்குதா முழிச்சிருக்குதா? கண்ணு பாதி தொறந்திருக்குது, வாயி மெல்லுது, பக்கத்துல போனாலும் கண்டுக்க மாட்டேங்குது.”

“ரெண்டுந்தானுங் பெரியம்மா” என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் உண்மையான பதில் அதுதான்.

பிரான்ஸின் துலூஸ் நகரத்துக் கால்நடை விஞ்ஞானி ஈவ் ருக்கபூஷ் 1970-களில் மாடு, குதிரை, ஆடு, பன்றிகளின் மூளையலைகளை இரவு பகலாகப் பதிவு செய்தார். தொழுவத்தில் இருந்த மாடு ஒரு நாளில் ஏறக்குறைய 4 மணி நேரம்தான் உண்மையாகத் தூங்கியது. ஆனால் அதற்கு மேல் 7, 8 மணி நேரம் அரைத்தூக்கத்தில் இருந்தது. மனிதரில் அரைத்தூக்கம் தூக்கத்துக்குள் நுழையும் வாசற்படி மட்டும்தான், சில நிமிஷத்தில் கடந்துவிடுவோம். மாட்டுக்கோ அதுவே நாளின் மூன்றில் ஒரு பங்கு. அந்த நேரத்தின் பெரும்பகுதியில் அது அசைபோட்டுக்கொண்டிருக்கும். மூளையில் மெதுவான பெரிய அலைகளும் விழிப்பு அலைகளும் கலந்து கலந்து வரும். தாடை தன்பாட்டுக்கு ஓடுகிறது, உணவுக் கவளம் தொண்டை வழியே ஏறி இறங்குகிறது, மூளையின் மேற்பட்டை பாதி தாளத்தில் இருக்கிறது.

மாட்டின் தலையில் இ.இ.ஜி. எடுப்பது சாமானியமான காரியம் இல்லை. நெற்றி எலும்புக்குள் பெரிய காற்றறைகள் இருக்கின்றன, அதற்கு அப்பால்தான் மூளை. தாடையின் தசை பெரியது, மெல்லும்போது அது கிளப்பும் மின்சாரம் மூளையலையைவிடப் பல மடங்கு பலமாகப் பதிவாகும். அதனால்தான் அசைபோடும் மூளையைப் பற்றித் தெளிவாகத் தெரிய இத்தனை காலம் ஆனது. 2023-இல் நார்வேயின் வடக்கே துரோம்சோவில் கலைமான்களை வைத்து ஒரு ஆராய்ச்சி வெளியானது. கலைமானும் மாட்டைப் போல அசைபோடும் விலங்கு. தலைத்தோலில் எலெக்ட்ரோடு ஒட்டி, பருவங்கள் மாற மாறப் பதிவு செய்தார்கள். அசைபோடும்போது அதன் மூளையில் ஆழ்ந்த தூக்கத்தில் வருவது போன்ற மெதுவான அலைகள் வந்தன. அதோடு நிற்கவில்லை. தூங்கவிடாமல் வைத்தால் பிறகு தூக்கத்தின் மெதுவான அலைகள் பலமாகும், இது பாலூட்டிகளில் பொதுவாகப் பார்ப்பது. அந்தக் கடனை அசைபோடுவதும் ஓரளவு அடைத்துவிடுகிறது என்று தெரிந்தது. அதிகம் அசைபோட்ட கலைமான்கள் குறைவாகத் தூங்கின. கோடையில் நாள் முழுக்க மேய வேண்டிய அந்த விலங்கு, தின்றதைச் செரிக்கும் நேரத்திலேயே தூக்கத்தின் ஒரு பங்கையும் முடித்துக்கொள்கிறது.

நம் மாட்டை நீங்களே கவனித்துப் பாருங்கள். காலை மடக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, தலையை நிமிர்த்தியபடி அசைபோடுவது ஒரு நிலை. கழுத்துத் தசை இறுக்கமாகத்தான் இருக்கும், இமை கனத்திருக்கும், ஈ உட்கார்ந்தால் காது உதறும். கொஞ்ச நேரம் கழித்து மெல்லுவது நின்று, தலை மெல்லத் தாழும். அது சாதாரணத் தூக்கம். பிறகு சில வேளை கழுத்தைத் திருப்பித் தலையை விலாமேல் வைத்துக்கொள்ளும். அப்போது இமைக்குள் கண் உருளும், காதும் உதடும் துள்ளும், கழுத்தைத் தொட்டால் துவண்டிருக்கும். இதுதான் ரெம் தூக்கம். இதில் மூளையலை விழிப்பைப் போலச் சின்னதாக, வேகமாக மாறிவிடும், உடம்புத் தசையோ முழுக்கத் தளர்ந்துவிடும். பூனைகளில் இந்த முரணைப் பார்த்த லியோன் நகரத்து மிஷேல் ஷூவே 1959-இல் இதை முரண்தூக்கம் என்றே அழைத்தார். மாட்டுக்கு ஒரு நாளில் இது முக்கால் மணி நேரம் அளவுதான், அதுவும் சில நிமிஷத் துண்டுகளாக. நின்றபடி மாடு சொக்கலாம், அசைபோடலாம். ரெம் தூக்கத்துக்கு மட்டும் படுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் தலையைத் தாங்க அப்போது தசை இல்லை.

முழு விழிப்பிலேயே, தூக்கத்தின் சாயல்கூட இல்லாமல் வரும் ஓய்வுத் தாளமும் உண்டு. 1960-களில் கலிஃபோர்னியாவில் பாரி ஸ்டெர்மன் பூனைகளுக்கு ஒரு பாடம் கற்றுக்கொடுத்தார். நெம்புகோலை அழுத்தினால் உணவு. ஆனால் ஒரு ஒலி கேட்கும்போது அழுத்தக்கூடாது, அது நிற்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். எலிப்பொந்துக்கு முன்னால் பூனை உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், வால் நுனிகூட அசையாது, ஆனால் கவனம் முழுக்க அங்கேதான் இருக்கும். ஒலியின் நேரத்தில் அந்தப் பூனைகளும் அப்படித்தான் உறைந்து உட்கார்ந்தன. அப்போது உடம்பை அசைக்கும் மூளைப்பகுதியின் மேல் நொடிக்கு 12 முதல் 15 வரை ஓடும் ஒரு தாளம் தெளிவாக வந்தது. அடுத்து ஸ்டெர்மன், அந்தத் தாளம் வரும்போதெல்லாம் உணவு கொடுத்து, பூனைகள் அதைத் தாமாகவே அதிகம் வரவழைக்கப் பழக்கினார். பிறகு வேறொரு வேலைக்காக, ராக்கெட் எரிபொருளில் இருக்கும் ஹைட்ரசீன் வகை நச்சு வலிப்பை உண்டாக்குவதை அமெரிக்க விமானப்படைக்காக ஆராய்ந்தபோது, இந்தப் பயிற்சி பெற்ற பூனைகளுக்கு வலிப்பு தாமதமாகவே வந்தது. அங்கிருந்துதான் மனிதரில் கால்கை வலிப்புக்கு மூளையலைப் பயிற்சி என்ற முயற்சி 1970-களில் தொடங்கியது. அந்தப் பூனைகள் பட்ட வேதனையை நினைத்தால் மனசு கனக்கிறது. ஆனால் அசையாமல் இருப்பதும் மூளை செய்கிற ஒரு வேலை என்று நமக்குக் காட்டியவை அவைதான்.

எலிகளிடம் இன்னொரு வகை. மூக்கை நீட்டிக்கொண்டு புது இடத்தைத் துழாவும்போது அதன் ஹிப்போகேம்பஸில் தீட்டா ஓடும். நின்று மீசையைத் துடைக்கவோ, தின்னவோ, உறங்கவோ ஆரம்பித்தால் தீட்டா நின்று, இடையிடையே பத்தில் ஒரு நொடிக்கும் குறைவான மிக வேகமான நடுக்கங்கள் வரும். நொடிக்கு 150 முதல் 250 வேகத்தில் ஓடும் இவற்றுக்கு ரிப்பிள் என்று பெயர். அந்தக் கண நேரத்தில், எலி சற்றுமுன் நடந்த வழியில் எந்தெந்த நரம்பணு எந்த வரிசையில் துடித்ததோ, அதே வரிசை சுருக்கமாக மறுபடி ஓடும். சேர்ந்து துடித்த நரம்பணுக்கள் தூக்கத்திலும் சேர்ந்தே துடிப்பதை வில்சனும் மெக்நாட்டனும் 1994-இல் காட்டினார்கள். 2009-இல் பாரிஸில், தூங்கும் எலிகளில் ரிப்பிள் வரும் ஒவ்வொரு முறையும் சின்ன மின்தூண்டுதலால் அதைக் கலைத்தார்கள். எலிகள் படித்த வழியை நினைவில் வைக்கத் திணறின. அதாவது ஓய்வு நேரத் தாளம் வெறும் பக்க விளைவு இல்லை, சிலவற்றுக்காவது வேலை உண்டு. எல்லாத் தாளத்துக்கும் இப்படித் தெளிவான வேலை நிரூபணமாகிவிட்டதா என்றால் இல்லை. ஆல்ஃபா வேலையில்லாத மூளையின் சும்மா ஓட்டம் என்று ஒரு தரப்பு நினைத்தது. தேவையில்லாத செய்தியை அடக்கி வைப்பதற்கான கருவி என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. மூளையின் செலவைப் பார்த்தாலும் சும்மா ஓட்டம் என்ற பேச்சு ஒட்டவில்லை. மனித மூளை எடையில் உடம்பின் 2 சதவீதம், சக்தியில் 20 சதவீதம். கடினமான கணக்குப் போடும்போது அந்தச் செலவு சில சதவீதம்தான் கூடும்.

அறுவடை முடிந்ததும் நம் பக்கத்து வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் கூட்டத்தை இறக்கிவிடுவார்கள். இரவில் வலைக்குள் வரிசையாக அடங்கும் வாத்துகளில் ஓரத்தில் இருப்பதைப் பாருங்கள். 1999-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் ராட்டன்போர்க் குழுவினர், நான்கு வாத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, ஓரத்து வாத்து வெளிப்பக்கத்துக் கண்ணைத் திறந்தபடி தூங்கியது. திறந்த கண்ணின் செய்தி போகும் மூளைப்பாதி விழிப்பு அலைகளில், மறுபாதி தூக்க அலைகளில். டால்ஃபினிலும் இந்தப் பாதித்தூக்கம் 1970-களிலேயே தெரிந்த விஷயம். கடல்மேல் நாள்கணக்கில் பறக்கும் ஃபிரிகேட் பறவைகள் பறந்துகொண்டே நாளுக்கு 42 நிமிஷம் தூங்குவதை 2016-இல் பதிவு செய்தார்கள். ஆகத் தாளம் மூளை முழுக்க ஒரே நேரத்தில் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு பாதியில் ஓடும்போது மறு பாதி காவல் இருக்கலாம்.

முதுகெலும்பு வரிசையில் இன்னும் கீழே போனாலும் கிடைக்கிறது. ஆஸ்திரேலிய ஓணான் வகையொன்றின் தூக்கத்தில் மெதுவான அலையும் வேகமான அலையும் ஏறக்குறைய 80 நொடிக்கு ஒரு சுற்று என்று மாறி மாறி வருவதை ஃபிராங்க்ஃபர்ட்டில் 2016-இல் கண்டார்கள். முதுகெலும்பே இல்லாத பழ ஈயிலும், 2023-இல் ஆக்டோபஸிலும்கூட ஓய்வுநேர அலைகள் பதிவாகியிருக்கின்றன. ஆக்டோபஸின் மூளைக்கும் நம் மூளைக்கும் அமைப்பில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தாலமஸ் கிடையாது, கார்டெக்ஸ் கிடையாது. இருந்தும் அமைதியாகத் தூங்கும்போது ஸ்பிண்டில் போன்ற அலைகள் நொடிக்கு 12 முதல் 18 வேகத்தில் வந்தன. நரம்பணுக்கள் போதுமான அளவு சேர்ந்து, ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் இருந்தால் தாளம் வந்துவிடுகிறது போலிருக்கிறது.

இந்த ஆராய்ச்சியெல்லாம் விலங்கை வதைத்துத்தான் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. புடாபெஸ்டில் உள்ள எத்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் வீட்டு நாய்களின் தலையில் அறுவை எதுவும் இல்லாமல், எலெக்ட்ரோடை ஒட்டி மட்டும் தூக்க அலைகளை எடுக்கிறார்கள். வளர்ப்பவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், நாய் பழகின மெத்தையில் படுத்துத் தூங்கும். புதிய சொல்லைக் கற்ற பிறகு தூங்கிய நாய்களில், ஸ்பிண்டில் அடிக்கடி வந்தவை பாடத்தை நன்றாகப் பிடித்திருந்தன.

நமக்கு இதில் உடனே உபயோகப்படும் விஷயம் மாட்டைக் கொண்டுவருவதில் இருக்கிறது. பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய மாடுகள் கோபாலபுரம் சோதனைச்சாவடி தாண்டி லாரியில் நின்றபடி வருவதை இந்த ரோட்டில் போகிற எல்லோரும் பார்க்கிறோம். நெருக்கி ஏற்றிய லாரியில் மாடு படுக்க முடியாது. வளைவில் காலை ஊன்றி நிற்க வேண்டியிருக்கும்போது ஒழுங்காக அசைபோடவும் முடியாது. அசைபோடுவது போனால் அரைத்தூக்கத்தின் தாளம் போகிறது, படுக்க முடியாததால் ரெம் தூக்கம் அடியோடு போகிறது. இறங்கியதும் மாடு தீனியில் வாய் வைக்காமல் படுக்க இடம் தேடினால் சீக்கு வந்துவிட்டது என்று உடனே பதற வேண்டாம். தண்ணீர் காட்டி, ஈரமில்லாத தரையில் கயிற்றை நீளமாக விட்டு, மற்ற மாடுகள் முட்டாத இடத்தில் கட்டுங்கள். சில மணி நேரத்தில் அசைபோட ஆரம்பிக்க வேண்டும். அப்படி ஆரம்பிக்காவிட்டால் மிருகாஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்புங்கள். தலையைத் திருப்பி விலாமேல் வைத்துப் படுத்திருந்தால் மட்டும் எழுப்பாதீர்கள். அது சில நிமிஷம்தான், கறவைப் பாத்திரம் அதுவரை காத்திருக்கலாம்.